அப்பா தண்ணீர் குடிக்காத தெரு

அப்பாவின் கடைசி வேலைக்குச் சரியான பெயர் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. யாராவது கேட்டால் அம்மா, "வெள்ளக்காரன் பணத்துக்குக் காவல் இருக்காவ" என்பாள். அடையாள அட்டையில் 'களக் கண்காணிப்பாளர்' என்று இருந்தது. அந்த அட்டையை அப்பா சட்டைக்குள் போட்டுக்கொள்வார். கேட்டால்தான் வெளியே எடுப்பார்.

அவர் பெயர் சிவசைலம். விக்கிரமசிங்கபுரத்தில் பிறந்து, படித்து, அங்கேயே மில்லில் சேர்ந்தவர். நூல் சோதனைக் கூடத்தில் வேலை. நூலை இயந்திரத்தில் மாட்டி இழுத்து, எந்த இழுப்பில் அறுகிறது என்று குறிக்க வேண்டும். ஆயுளில் பாதியை அதில் கழித்தார். விருப்ப ஓய்வு தந்தபோது வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். சும்மா இருக்கத் தெரியவில்லை. அம்மாவின் மிக்ஸியைக் கழற்றி மாட்டினார். அது அதன்பிறகு ஓடவில்லை.

நான் கோயம்புத்தூரில் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் ஆய்வகத்தில் பொறியாளராக இருக்கிறேன். எடைக்கற்கள், அழுத்தமானிகள், தராசுகள். போனில் நானும் அப்பாவும் வேலையைப் பற்றித்தான் பேசுவோம். மற்றதெல்லாம் அம்மா வழியாகப் போகும், வரும்.

இந்த வருடம் பங்குனியில் அப்பா இறந்தார். காலையில் சவரம் செய்துகொண்டிருந்தார். ஒரு கன்னம் முடிந்ததும் சரிந்து விழுந்தார். காரில் ஏற்றிக்கொண்டு போகும்போது, அம்பாசமுத்திரம் தாண்டுவதற்குள் முடிந்துவிட்டது. மறு கன்னத்தை என் தம்பி கணேஷ்ராம் வழித்துவிட்டான். நான் சாயங்காலம் வந்து சேர்ந்தேன். முகம் சுத்தமாக இருந்தது.

2023 டிசம்பரில் தாமிரபரணி ஊர்களுக்குள் வந்தது. சீவலப்பேரிக்குப் பக்கத்தில், சிற்றாறு வந்து கலக்கும் இடத்துக்குக் கீழே, வயலை ஒட்டி ஒரு சின்ன ஊர். அதில் கீழத்தெரு முழுக்க மண்சுவர் வீடுகள். வெள்ளம் வடிந்தபோது சுவர்கள் இல்லை. அந்தத் தெருவுக்கு வீடு கட்டித்தர ஒரு வெளிநாட்டு அரசின் உதவி வந்தது. கட்டும் பொறுப்பு பாளையங்கோட்டையில் இருந்த ஒரு தொண்டு நிறுவனத்துக்கு. பணம் மூன்று தவணையாக வரும்: அஸ்திவாரம், சுவர், கூரை. கொடுத்த நாடு, கட்டுகிறவர்களை மட்டும் நம்பவில்லை. பணம் சிமென்டாகவும் கம்பியாகவும் மாறுகிறதா என்று பார்த்துத் தங்களுக்கு நேரடியாகச் சொல்ல, வெளியிலிருந்து ஆட்களை வைத்தது. அப்பா அப்படிச் சேர்ந்தவர்.

மதுரையில் ஒரு ஹோட்டலில் அவர்களுக்குப் பயிற்சி நடந்தது. அங்கே சொன்ன விதிகளில் ஒன்று: பயனாளிகளிடமிருந்தோ கட்டுகிறவர்களிடமிருந்தோ எதையும் பெறக்கூடாது, உணவும் பானமும் இதில் அடங்கும். மற்ற கண்காணிப்பாளர்கள் அதைக் கேட்டுவிட்டுப் போகிற ஊரில் எல்லாம் காப்பி குடித்தார்கள். அப்பா குடிக்கவில்லை. மில்லில் அவருக்கு விதி என்றால் விதி. வாட்டர் பாட்டிலும் தயிர்சாதமும் கொண்டுபோனார். ஊருக்கு வெளியே பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்.

கீழத்தெருவின் கடைசி வீடு அன்னத்தாயுடையது. நடவு, களையெடுப்பு, கதிரறுப்பு என்று கூலிக்குப் போகிறவர். கணவர் இல்லை. மகளை ஏரலில் கட்டிக்கொடுத்திருக்கிறார். பழைய வீடு இருந்த இடத்துக்கு எதிரே தார்ப்பாய் கட்டி இருந்தார். அப்பா முதல்முறை போனபோது அவர்தான் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். நல்ல வெயில். அப்பா கும்பிட்டு, "வேண்டாம்மா" என்றார். அடுத்த தடவை வரக்காப்பி கொண்டுவந்தார். அதற்கும் கும்பிட்டார். அதன்பிறகு அன்னத்தாய் ஒன்றும் கொண்டுவரவில்லை. அப்பா அதை நல்லது என்று எடுத்துக்கொண்டார். விதி அவர்களுக்கும் புரிந்துவிட்டது என்று என்னிடம் சொன்னார்.

ஆவணியில் சுவர்கள் எழும்பிவிட்டன. அடுத்தது கூரை. தொண்டு நிறுவனத்தின் திட்ட அலுவலர் சிவகணேஷ் தெருவில் கூட்டம் போட்டு, "மேல இருக்கிறவங்களக் கொஞ்சம் கவனிச்சுக்கிட்டா ரூஃப் தவணை சட்டுனு எறங்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். யாரை, எப்படி என்று சொல்லவில்லை. அதை ஊரின் முடிவுக்கு விட்டுவிட்டார்.

ஊர் தனக்குத் தெரிந்த வழியில் செய்தது. கோயில் கொடை என்றால் வீட்டுக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி போடுவார்கள். யார் கொடுத்தார்கள் என்று மைக்கில் வாசிப்பார்கள். ஒளிவுமறைவு கூடாது என்பதற்காகத்தான் மைக். வீட்டு அதிகாரியைக் கவனிப்பதற்கும் அதே போல் வரி போட்டார்கள். ஊர்த்தலைவர் சுடலைக்கண்ணு கோயில் மைக்கைப் பிடித்து வாசித்தார். அப்பா பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தார். வேப்பமரத்தில் கட்டியிருந்த குழாய் ஒலிபெருக்கியிலிருந்து தெளிவாகக் கேட்டது. "வீட்டு ரூஃப் ஆபீசர் வகைக்குத் தலைக்கட்டு வரி செலுத்தியோர்..." என்று தொடங்கி, ஒவ்வொரு குடும்பமாக. கடைசியில் "அன்னத்தாய் குடும்பத்தார்." வரி பாக்கி உள்ளவர்கள் சீக்கிரம் செலுத்துமாறு கேட்டுக்கொண்டு, சாமி பாட்டு போட்டார்கள்.

அன்று சாயங்காலம் அப்பா போனில் சொன்னார்.

"ஏளா ப்ரியா, இன்னைக்கு ஒரு லஞ்சத்த மைக்குல கேட்டேன்."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"சொல்லணும்லா?" என்றார்.

"சொல்லணும்தான்" என்றேன்.

தெருமுனையில் ஒரு போர்டு உண்டு. கண்காணிப்பாளர் யாரிடமும் எதையும் வாங்கமாட்டார் என்ற விதி, அதன் கீழே முறைகேடு கண்டால் அழைக்கவும் என்று ஒரு நம்பர். அந்தப் போர்டை நின்று எழுத வைத்தவரே அப்பாதான். அந்த நம்பரில் ஊரார் யாரும் அதுவரை பேசியதில்லை. முதலில் பேசியவர் அவர். அடுத்த வாரமே எல்லாத் தவணையும் நிறுத்தப்பட்டது. விசாரணை முடியும் வரை ஒரு மூட்டை சிமென்ட் கூட இறங்காது.

சிவகணேஷ் எங்கள் வீட்டுக்கே வந்தார். அம்மா காப்பி கொடுத்தாள். நல்ல மரியாதையாகப் பேசினார் என்று அம்மா பிறகு சொன்னாள்.

"அண்ணாச்சி, நீங்க எனக்கு மூத்தவர். ஒண்ணே ஒண்ணு எழுதிக் குடுங்க. கொடைக்கு வசூல் பண்ணுனாங்க, நான் தப்பா வெளங்கிட்டேன்னு. நாளைக்கே கம்பி எறங்கும்."

"கொடை முடிஞ்சு போச்சே" என்றார் அப்பா.

"அடுத்த வருசத்துக்குன்னு வைங்க."

"அடுத்த வருசக் கொடைக்கு ரூஃப் ஆபீசர் வகைன்னு வரி போடுவாவளா?"

"மழ வருது அண்ணாச்சி. அந்த சனங்க நனையுறது ஒங்களாலதான். நான் சொல்லல, ஊர் சொல்லுது."

அவர் போனபிறகு அம்மா கேட்டாள். "அவன் சொல்லுததுல என்ன தப்பு? எழுதிக் குடுத்துட்டா அத்தன வீட்டுக்கும் மச்சு வந்துரும்லா?"

"வந்துரும்" என்றார் அப்பா. "அவனும் அங்கனயே இருப்பான். அடுத்த ஊருக்கும் போவான்."

"ஒங்களுக்கு எத்தன ஊருக்குக் கணக்கு?"

அப்பா குளிக்கப் போய்விட்டார். இதுவும் அம்மா சொன்னதுதான்.

ஐப்பசி, கார்த்திகை முழுக்க மழை. கூரை இல்லாத ஹாலோபிளாக் சுவர். கல்லுக்குள் இருக்கும் பொந்தில் மேலிருந்து தண்ணீர் இறங்கி நிற்கும். உள்ளேயே ஊறும். சுவரின் மேல்வாயை பிளாஸ்டிக் விரிப்பால் மூடச் சொல்லுங்கள் என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் தெருவில் சொன்னார். ஆள் இருந்த வீடுகளில் ஏறி மூடினார்கள். காற்றில் பறந்தால் திரும்பவும் ஏறினார்கள். அன்னத்தாய் வீட்டில் ஏற ஆள் இல்லை. அப்பா தாமே ஏறப் பார்த்திருக்கிறார். "எங்க சொவத்துல நீங்க கால வைக்காண்டாம்" என்று அன்னத்தாய் தடுத்துவிட்டார்.

தை மாதம் விசாரணைக்கு ஃபஹ்மிதா வந்தார். சென்னையில் ஒரு தணிக்கை நிறுவனத்தில் வேலை, ஊர் மேலப்பாளையம். கீழத்தெருவில் ஒவ்வொரு வீடாக உட்கார்ந்து கேட்டார். ஒவ்வொரு வீட்டிலும் கொடைக்குத்தான் வசூல் என்றார்கள். லஞ்சம் கொடுத்தவர்கள் மேலும் குற்றம் உண்டு, வீட்டுப் பட்டியலில் பேரை வெட்டிவிடுவார்கள் என்று சிவகணேஷ் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தார். அப்பா ஒன்று சொல்கிறார், தெரு ஒன்று சொல்கிறது. இரண்டில் ஒன்று மாறாமல் விசாரணையை மூட முடியாது. மூடாமல் கூரைக்குப் பணம் வராது.

ஃபஹ்மிதா அப்பாவைப் பாளையங்கோட்டை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடைக்குக் கூப்பிட்டுப் பேசினார். அங்கே நடந்ததை ஃபஹ்மிதாவே என்னிடம் பிறகு சொன்னார்.

"அங்கிள், அவங்க ஒங்க மேல கோவமா இருக்கது புகாருக்காக இல்ல."

"பின்ன?"

"தண்ணிக்காக."

அப்பாவுக்கு விளங்கவில்லை.

"நீங்க பிள்ளைமாரு. அது கீழத்தெரு. செம்ப நீட்டுனா கும்பிடு போட்டீய. பஸ் ஸ்டாண்டுல போய் ஒங்க சோத்தத் தின்னீய. அவங்க என்ன நெனைப்பாங்க?"

அப்பா டீயைக் கீழே வைத்துவிட்டாராம். பிறகு, "ரூல் அங்கன போர்டுல எழுதியிருக்கே" என்று மட்டும் கேட்டிருக்கிறார்.

"போர்ட யாரு படிக்கா? 'நம்ம தண்ணி ஆவாதவன், நம்ம வீடும் ஆவக்கூடாதுன்னு எழுதிப் போட்டுட்டான்.' தெருவுல பொம்பளைங்க சொன்னது இதுதான். அத்தன வீட்லயும் இதேதான்."

வீட்டுக்கு வந்து அப்பா, வேலை கொடுத்தவர்களுக்கு ஒரு மெயில் அனுப்பினார். நீர் மட்டும் வாங்கிக் குடிக்க எனக்கு விலக்கு வேண்டும் என்று. எனக்கும் நகல் வந்தது. விதிக்கு விலக்கு இல்லை; ஆனால் உரிய விலை கொடுத்து வாங்கினால் தடையில்லை என்று பதில் வந்தது. அப்பா எனக்குப் போன் செய்தார்.

"செம்பு தண்ணிக்குக் காசு எடுத்து நீட்டணுமாம். அது குடிக்காம இருந்ததவிட மோசம்லா?"

"ஆமா."

"வேலைய விட்டுருதேன்."

"விட்டுட்டு?"

"போய்த் தண்ணி கேக்கணும்."

அந்த வாரமே எழுதிக் கொடுத்துவிட்டார். அம்மாவிடம் சொல்லவில்லை. அட்டையைத் தபாலில் திருப்பி அனுப்பினார். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் விக்கிரமசிங்கபுரத்திலிருந்து பஸ் ஏறி, ஜங்ஷனில் இறங்கி, டவுன் பஸ் மாறி, கீழத்தெருவுக்குப் போனார். அங்கே நடந்தது எதுவும் எனக்கு அப்போது தெரியாது. போனில் சொல்லவில்லை. கேட்டால் "போனேன், வந்தேன்" என்பார். பின்னர் சொன்னவர் அன்னத்தாய்.

அப்பாவின் பதினாறாம் நாள் காரியத்துக்கு அன்னத்தாய் தெருப் பெண்கள் இரண்டு பேருடன் வந்திருந்தார். யார் சொல்லித் தெரிந்தது என்று தெரியவில்லை. வாசலுக்கு வெளியே ரோட்டோரம் நின்றார்கள். அம்மா போய் உள்ளே கூட்டிவந்து பந்தியில் உட்கார வைத்தாள். சொந்தக்காரர் ஒருவர் அம்மாவைத் தனியே கூப்பிட்டு ஏதோ சொன்னார். "அவிய அங்கன சாப்பிட்ருக்காவ. இவிய இங்கன சாப்பிடட்டும். ஒங்களுக்கு எல வேணுமா வேண்டாமா?" என்று அம்மா கேட்டது எனக்குக் கேட்டது. அவர் உட்கார்ந்து சாப்பிட்டார்.

சாப்பிட்டு முடித்து அன்னத்தாய் என் பக்கத்தில் வந்து இருந்தார்.

"நீதான் கோயம்புத்தூர்ப் பிள்ளையா?"

"ஆமா."

"மொத நாளு வந்து, எம்மா தண்ணி தாங்கன்னு கேட்டாரு. கொழா அங்கன இருக்குன்னு சொன்னேன். போய்க் கொழாயில குடிச்சிட்டுப் போனாரு. அடுத்த வாரமும் வந்து அதே கேள்வி. நானும் அதே பதில். இந்தாளுக்கு என்ன, மூள கலங்கிட்டான்னு நெனச்சேன்."

"பெறவு?"

"பெறவு ஒரு நாளு கேட்டேன், இத்தன நாளு ஆவாத தண்ணி இப்ப எப்படி ஆச்சுன்னு. வேலைய விட்டுட்டேன்னாரு. எங்க வீட்ல தண்ணி குடிக்க ஒருத்தன் வேலைய விடுவானான்னு கேட்டேன். குடிக்காததுக்குக் காரணம் வேலதான், நான் இல்லன்னாரு. சொன்னவரு அழுதுட்டாரு. ஆம்பள அழுதா எனக்குக் கோவம்தான் வரும். செம்பக் குடுத்தேன். அண்ணாந்து குடிக்கல. வாய் வச்சுக் குடிச்சாரு. நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன்."

பக்கத்தில் இருந்த பெண், "மீன் கதையச் சொல்லு" என்றார்.

"அத ஏன் கேக்க. சோறும் கருவாட்டுக் கொழம்பும் வச்சேன். தட்டப் பாத்துக்கிட்டு இருக்காரு. இதுவும் ரூலா சார்னு கேட்டேன். இல்ல தாயி, இது பழக்கம், பொறந்ததுலேந்து மீனு தின்னதில்லன்னாரு. தெருவே சிரிச்சுச்சு. பெறவு பக்கத்து வீட்ல போயி துவையல் வாங்கிட்டு வந்தேன். ரெண்டு தட்டு சோறு. நல்லாத் திங்காரு மனுசன்."

"ஒங்ககிட்ட என்ன கேட்டாரு?"

"மறைக்கவேயில்ல. என்னத்துக்கு வாரியன்னு கேட்டதுக்கு, ரூஃப் வரணும், அதுக்கு நடந்தத நீங்க சொல்லணும்னாரு. சொன்னா பேர வெட்டிருவாவளேன்னேன். வெட்ட மாட்டோம்னு அவியளயே ஊருக்கு முன்னால சொல்ல வைக்கேன், அதுவும் மைக்குலன்னாரு. அத ஏற்பாடு பண்ணிட்டு வாரேன்னு போனவருதான்."

பெண்கள் கிளம்பிப் போனார்கள். நான் இலைகளை எடுத்தேன்.

சித்திரையில் ஃபஹ்மிதா என்னை அழைத்தார். அப்பா கேட்டிருந்த உறுதிமொழிக்கு பணம் கொடுத்த நாட்டின் அலுவலகம் சம்மதித்துவிட்டது. கீழத்தெருவில் வாசிக்கப் போவதாகச் சொல்லி, அங்கிள் இருந்திருந்தால் வந்திருப்பார், நீங்கள் வரமுடியுமா என்று கேட்டார். விடுப்பு மிச்சம் இருந்தது. போனேன்.

கோயில் முன்னால் தெரு உட்கார்ந்திருந்தது. ஃபஹ்மிதா மைக்கைப் பிடித்தார். கொடுத்தவர்கள் மேல் நடவடிக்கை இல்லை, யார் பேரும் நீக்கப்படாது, கூரைப்பணம் இனி வேறு நிறுவனம் வழியாக வரும், ஆனால் நடந்தது என்ன என்று ஒருவராவது சொல்ல வேண்டும் என்றார். எழுதிவைத்திருந்ததை ஒருமுறை வாசித்து, பிறகு தன் பேச்சிலேயே ஒருமுறை சொன்னார்.

யாரும் எழுந்திருக்கவில்லை. சுடலைக்கண்ணு துண்டைச் சரிசெய்துகொண்டு, "நாங்க சொன்னதுதாம்மா. கொடை வசூல்" என்றார்.

அன்னத்தாய் எழுந்தார்.

"மயினி, பேசாம இரிங்க" என்றார் சுடலைக்கண்ணு.

"கொழுந்தனாரே, அன்னைக்கு மைக்குல வாசிச்சது யாரு? நானா?"

தெருவில் யாரோ சிரித்தார்கள்.

"அது வேற."

"என்ன வேற? ரூஃப் ஆபீசர் வகைன்னு நீங்க வாசிச்சது தாழையூத்து வர கேட்டிருக்கும். நாம ஒளிச்சா குடுத்தோம்? ஒளிச்சுக் குடுத்தவன் பொய் சொல்லட்டும். மைக்குல சொல்லிக் குடுத்த நமக்கு எதுக்குப் பொய்?" ஃபஹ்மிதா பக்கம் திரும்பினார். "எழுதிக்க பிள்ள. கொடைக்கு இல்ல. ரூஃப்புக்கு. கவனிச்சாத்தான் எறங்கும்னு சிவகணேஷ் சார் இந்த எடத்துல நின்னு சொன்னாரு. அவரு கையில குடுத்தது இவரு." சுடலைக்கண்ணுவைக் காட்டினார். "இவரு ஒரு பைசா எடுக்கல. அதையும் எழுதிக்க."

சுடலைக்கண்ணு தலையைக் குனிந்துகொண்டார். "ஆமா. நான்தான் குடுத்தேன்" என்றார். பிறகு ஒவ்வொருவராகப் பேசினார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசவும் ஃபஹ்மிதா மைக்கை அணைத்துவிட்டு எழுத ஆரம்பித்தார்.

சிவகணேஷ் வேலையை இழந்தார். வேறு எங்கோ சேர்ந்துவிட்டார் என்று கேள்வி. ஆடியில் புதிய நிறுவனத்தின் பொறியாளர் ஷிபின் வந்தார். மார்த்தாண்டத்துக்காரர். கூரை போடுவதற்கு முன் சுவர்களைச் சோதிக்க வேண்டும். நானும் போயிருந்தேன். யாரும் கூப்பிடவில்லை.

தெருவில் பெரும்பாலான வீடுகள் தேறின. ஷிபின் கடைசி வீட்டுக்கு வந்து, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் ஒரு கம்பியால் கீறினார். சாந்து மணலாக உதிர்ந்தது. இன்னொரு இடத்தில் கீறினார். அங்கும் அப்படியே. என்னைப் பார்த்தார். எனக்குப் பார்த்ததுமே தெரிந்திருந்தது.

"அக்கா, இதுமேல கான்கிரீட் ஏத்த முடியாது. கதவு நிலைக்கு மேல, லிண்டல் மட்டம் வரைக்கும் இடிச்சுக் கட்டணும்."

"அதுக்குப் பணம்?"

"ரூஃப் பணம் ரூஃபுக்குத்தான். நிறுத்தி வச்ச காலத்துல மழையில போனதுக்குத் தனி விதி ஒண்ணும் இல்ல."

அன்னத்தாய் தார்ப்பாய்க் கொட்டகை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். மற்ற வீடுகளில் ஜல்லி கொட்டும் சத்தம். அவர் என்னிடம் வந்தார்.

"ஒங்கப்பா மேல எனக்குக் கோவம் இருக்கு தாயி. செத்தவருன்னு சொல்லாம இருக்க முடியாது. அவரு போன் போட்டதுலேந்துதான் எஞ்சொவரு நனஞ்சுச்சு."

"ஆமா" என்றேன்.

"அந்தச் சிவகணேஷ் களவாணியாவே இருக்கட்டும். குடுத்ததோட விட்டிருந்தா போன வருசமே ரூஃப் போட்டிருப்பேன்."

"போட்டிருப்பீங்க."

"கம்பி கொறச்சுத்தான் போட்டிருப்பான். என்ன செய்ய. நனயாம இருந்திருப்பேன்." சுவரைத் தொட்டுப் பார்த்தார். கையில் மணல் ஒட்டியது. சேலையில் துடைத்துக்கொண்டார். "சாப்பிட்டியா?"

சாப்பிடவில்லை என்றேன். கஞ்சி கொடுத்தார். குடித்தேன்.

கோயம்புத்தூர் திரும்பியதும் பணம் கொடுத்த நாட்டுக்கு எழுதினேன். புகார் கொடுத்தவர் அந்தப் பெண் அல்ல. முதலில் உண்மை சொன்னவர் அந்தப் பெண். நிறுத்திவைத்தது நீங்கள். நிறுத்திவைத்த காலத்தில் சுவர் கெட்டது. முறைகேட்டைச் சொல்கிறவர்களுக்கு ஆகும் சேதத்தை நீங்கள் ஏற்காவிட்டால் இனி எந்தத் தெருவிலும் யாரும் சொல்ல மாட்டார்கள். சோதனையின் படங்களை இணைத்தேன். அப்பாவின் பெயரைக் குறிப்பிட்டேன். அவர் என் தந்தை என்று குறிப்பிடவில்லை. ஃபஹ்மிதா அதை மேலே அனுப்பினார். பதில் வரும்வரை வாரம் ஒருமுறை நினைவூட்டல் அனுப்பினேன்.

புரட்டாசியில் பதில் வந்தது. சுவரை இடித்துக் கட்டும் செலவையும் ஏற்பதாக. ஆனால் மழைக்காலம் முடிந்த பிறகுதான் வேலை. தெருவில் மற்ற எல்லா வீட்டுக்கும் கான்கிரீட் போட்டாகிவிட்டது. அன்னத்தாய்க்கு மட்டும் இன்னொரு மழை.

ஐப்பசி பிறந்ததும் ஒருநாள் செய்தியில் சீவலப்பேரிப் பக்கம் மழை என்றார்கள். போன் செய்தேன்.

"பெய்யுதா?"

"பெய்யுது. சத்தம் கேக்கலயா?"

கேட்டது.

"ராத்திரி எங்கன படுக்கிய?"

"மழ வலுத்தா சொடல வீட்ல. அவன் வீட்டு மச்சு நல்லாத்தான் இருக்கு. அவன் பொண்டாட்டிதான் கொறட்ட." சிரித்தார். "என் வீட்டுக்கு எப்பம்னு ஏதாவது சொன்னாவளா?"

"தையில. ஷிபின் சொல்லியிருக்காரு."

"சொல்லியிருக்காரா? சரி."

தார்ப்பாயில் மழை விழும் சத்தத்தில் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. வைத்துவிட்டேன். தேதி குறித்து எழுத்தில் தரும்படி ஷிபினுக்கு ஒரு மெயில் போட்டேன்.